எப்போதாவது, அடிக்கடி, ஒருபோதும் இல்லை

எங்கள் ஆபீசுக்கு மன அழுத்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. எட்டுப் பக்கம், நாற்பது கேள்வி, இடது மூலையில் ஸ்டேப்ளர் பின். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம்: ஒருபோதும் இல்லை, அரிதாக, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று தலைப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே பணியாளர் எண் எழுத ஆறு கட்டம்.

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கேஷ் செக்‌ஷன் அண்ணாச்சிதான் முதலில் பேனாவைக் கீழே வைத்தார். "அரிதாகவுக்கும் எப்போதாவதுக்கும் என்னவே வித்தியாசம்? வருசத்துக்கு ஒருக்கான்னா எதுல போட, மாசத்துக்கு ஒருக்கான்னா எதுல போட?" யாருக்கும் தெரியவில்லை. "எனக்கு மேனேஜரக் கண்டா மட்டுந்தான் படபடங்குது. அவரு லீவுல போனா சொகமா இருக்கு. இதுக்குக் கட்டமே இல்லியே" என்றார். பதினேழாவது கேள்வியில் மொத்தக் கிளையும் கவிழ்ந்தது. என் பணி எனக்குப் பிடிக்காமல் இல்லை என்று நான் உணர்வதில்லை என்பது போல ஒரு வாக்கியம். ஆமாம் என்றால் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா? இரண்டு பேர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லோரும் நடுக்கட்டத்திலேயே டிக் அடித்துத் தாளை மேனேஜரிடமே கொடுத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது: மிதமான அழுத்தம். வானிலை அறிக்கையில் மிதமான மழை சொல்வார்களே, அந்த மாதிரி.

உண்மையில் நெல்லைச் சீமையில் இதற்கு ஒரே கேள்விதான். "என்னவே, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" பதிலுக்கும் நம்மிடம் அளவுகோல் உண்டு, அது உடம்பில் மேலிருந்து கீழே இறங்கும். மண்டை காய்கிறது என்றால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். நெஞ்சு பக்பக்கென்றால் ஆடிட் வருகிறது. வயிற்றில் புளியைக் கரைத்தால் மெமோ வந்தாயிற்று. ஈரக்குலை நடுங்கினால் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும், வீட்டுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. இதை எந்தப் பல்கலைக்கழகமும் கட்டம் போட்டுத் தரவில்லை. நமக்குக் கிடைத்தது 'மன அழுத்தம்' என்கிற ஒரே சொல். பத்திரிகைக்காரர்கள் மனச்சோர்வு நோய்க்கும் அதையே போடுகிறார்கள், டென்ஷனுக்கும் அதையே போடுகிறார்கள். டாக்டரிடம் போனால் ரத்த அழுத்தம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் போனால் அழுத்த நீர் உலை.

அந்த உலைக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 155 மடங்கு. ஏன் அவ்வளவு என்றால், முந்நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதிக்காமல் இருக்கத்தான் அழுத்தம். நான் பார்த்த ஆபீஸ்களும் இந்தத் தத்துவத்தில்தான் ஓடின.

இந்தச் சீமையில் வேலை நிமித்தமாக மண்டை காய்ந்த பெரிய மனிதர்களைக் கணக்கெடுத்தால் முதல் ஆள் பாஞ்சாலங்குறிச்சிக்காரர். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனால், துரை இங்கே பார்க்க மாட்டாராம். அடுத்த ஊருக்குப் போனால் அங்கேயும் இல்லையாம். மேலதிகாரி டூர் அடிக்க, கீழே உள்ளவர் ஃபைலைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற அந்தத் திருக்கூத்து 23 நாள் நடந்தது. செப்டம்பரில் ராமநாதபுரத்தில் ஒருவழியாகப் பேட்டி கிடைத்தபோது நாற்காலி கிடைக்கவில்லை. மணிக்கணக்கில் நிற்க வைத்தே விசாரணை. சினிமாவில் பார்த்த கர்ஜனைதான் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த இந்த அலைச்சல், டி.ஏ. கிடைக்காத டூர். 'மேலதிகாரி என்னைக் காக்க வைக்கிறார்' என்ற கேள்விக்கு எதிரே மிக அடிக்கடி என்று டிக் அடிக்க முழுத் தகுதி பெற்றவர் அவர். கடைசியில் கைகலப்பாகி வெள்ளைக்கார லெப்டினன்ட் ஒருவர் செத்துப்போக, கமிட்டி போட்டார்கள். கமிட்டி ஜாக்சன் மேல் குறை கண்டது. அவரை மாற்றிவிட்டு லஷிங்டனை உட்கார வைத்தார்கள். மறுவருஷம் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கில் போட்டது மட்டும் கட்டபொம்மனை.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் தங்கள் அழுத்தத்தை வேறு மாதிரி அளந்து காட்டினார்கள். கட்டத்தில் டிக் அடிக்காமல் மில்லை விட்டு வெளியே வந்தார்கள். பின்னால் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சில நாளிலேயே கூலி உயர்ந்தது. ஒரு தாளும் செலவில்லை.

தாளைக் கண்டுபிடித்த புண்ணியம் அமெரிக்கர்களுடையது. 1917-இல் அவர்கள் முதல் உலகப் போரில் இறங்கினார்கள். பீரங்கிச் சத்தத்தில் சிப்பாய்கள் பேச்சுமூச்சற்றுப் போவதைப் பார்த்து, ராபர்ட் உட்வொர்த் என்ற உளவியல் பேராசிரியர் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி 116 கேள்விகள் எழுதினார். யார் போர்முனையில் உடைந்துபோவான் என்று முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்பது ஏற்பாடு. சிப்பாய்க்குச் சந்தேகம் வராதபடி சுய விவரப் படிவம் என்று ஒரு அப்பாவிப் பெயரும் வைத்தார்கள். தாள் தயாராகிப் புழக்கத்துக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. உடைந்துபோகிறவனைத்தான் தேடினார்களே தவிர, பீரங்கிக்கு மருந்து கொடுக்கச் சொன்ன ஜெனரல்களிடம் ஒரு பிரதியைக்கூட நீட்டியதாகத் தெரியவில்லை.

பிறகு 1967-இல் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் ஹோம்ஸும் ராஹியும் வாழ்க்கையில் நடக்கிற 43 சம்பவங்களுக்கு மார்க் போட்டார்கள். துணை இறந்தால் 100. கல்யாணம் ஆனால் 50, அதாவது பாதிச் சாவு. மாமியார் வீட்டுத் தகராறு 29, மேலதிகாரியோடு தகராறு 23. இந்த வரிசையை நம் ஊரில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். லீவு போட்டு ஊர் சுற்றப் போனால் 13, கிறிஸ்துமஸ் வந்தால் 12. பங்காளித் தகராறுக்கு மார்க் இல்லை. அமெரிக்காவில் வரப்பு இல்லையோ என்னவோ.

அந்தக் குறையைத் தீர்க்க 1984-இல் சண்டிகரில் குர்மீத் சிங் குழுவினர் நம் நாட்டுக்கென்று 51 சம்பவங்களை வைத்து ஒரு பட்டியல் செய்தார்கள். இதில் துணை இறந்தால் 95. ஐந்து மார்க் குறைத்துவிட்டார்கள். வேலையில் சஸ்பெண்ட் ஆனாலோ, டிஸ்மிஸ் ஆனாலோ 76. ஜெயிலுக்குப் போனால் 72. இந்தியனுக்கு ஜெயிலைவிட சஸ்பென்ஷன் நாலு மார்க் அதிகம் வலிக்கிறது. இதைப் படித்தபோது கேஷ் செக்‌ஷன் அண்ணாச்சியை நினைத்துக்கொண்டேன். ஜெயிலில் சோறாவது போடுகிறார்கள், பாதிச் சம்பளத்தில் ஹவுசிங் லோன் கட்டச் சொல்வதில்லை என்பார். புனித யாத்திரைக்கு 20 மார்க். திருச்செந்தூருக்கு மாசி உற்சவத்தில் பிள்ளைகளோடு பஸ் ஏறியவர்கள் அதுவும் கம்மி என்பார்கள். வேலை அழுத்தத்துக்கென்றே காசியில் 1981-இல் ஸ்ரீவாஸ்தவாவும் சிங்கும் 46 வாக்கியங்களில் ஓர் அளவுகோல் செய்தார்கள். ப்ராஜெக்ட் செய்யும் எம்.பி.ஏ. பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கும் வங்கிக்கும் இன்றும் அலைகிறார்கள்.

இனி அணு உலைக்கு வருவோம். 1979 மார்ச் 28, அதிகாலை நாலு மணி. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட், இரண்டாவது உலை. அழுத்தம் கூடியதும் குக்கர் வெயிட் தூக்குவது மாதிரி ஒரு வால்வு திறந்தது. திறந்தது மூடவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. அணைந்ததால் வால்வு மூடிக்கொண்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். விளக்கு சொன்னதோ வேறு: மூடும்படி உத்தரவு போய்விட்டது, அவ்வளவுதான். மூடியதா இல்லையா என்று அது எட்டிப் பார்க்கவே இல்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுத்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 'தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற பதிலை மின்சார விளக்காக மாட்டியிருந்தார்கள், அவ்வளவே. நிமிஷக் கணக்கில் நூற்றுக்கு மேல் அலாரம் ஒன்றாக அடித்தது. தண்ணீர் கூடிவிட்டதாகத் தப்பாக நினைத்து, காப்பாற்ற வந்த அவசரத் தண்ணீரையே குறைத்தார்கள். உலையின் உள்ளகத்தில் பாதி உருகிப்போனது.

ஜனாதிபதி கமிஷன் போட்டார். கெமனி என்ற கணக்குப் பேராசிரியர் தலைவர். அக்டோபரில் அறிக்கை. விபத்தால் மக்களுக்கு வந்த பெரிய உடல்நலக் கேடு மன உளைச்சல்தான் என்றது. உடனே கேள்வித்தாள்கள் படையெடுத்தன. ஆறு மாதத்தில் ஆலை ஊழியர்களையே டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே சஸ்குவஹன்னா ஆற்றங்கரையில் இருக்கும் பீச் பாட்டம் அணுமின் நிலையத்து ஊழியர்களிடமும் அதே கேள்விகள். த்ரீ மைல் ஐலண்ட்காரர்களுக்கு வேலையில் திருப்தி குறைவு, நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலை அதிகம் என்று வந்தது. பீச் பாட்டம்காரர்கள் பரவாயில்லை.

எவ்வளவு பரவாயில்லை என்பது 1987 மார்ச் 31 அன்று தெரிந்தது. பீச் பாட்டத்தை உடனே நிறுத்தும்படி அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. காரணம், கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்த நேரத்தில் வீடியோ கேம், ரப்பர் பேண்டில் காகித உண்டை விடுவது. கேள்வித்தாளைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தூக்கம் வருகிறதா என்ற கேள்விக்கு அவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கே வருகிறது என்று யார் கேட்டார்கள்?

கூடங்குளத்துக் கதை ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988 நவம்பர் 20 அன்று போட்ட கையெழுத்தில் தொடங்குகிறது. கையெழுத்துப் போட்ட நாடே மூன்று வருஷத்தில் கலைந்துபோனது. ஒப்பந்தம் கலையவில்லை. 2002-இல் கான்கிரீட் போட்டு, 2011 ஜூலை, ஆகஸ்டில் நிஜ எரிபொருளுக்குப் பதில் டம்மி எரிபொருளை வைத்து உலையைச் சூடாக்கிப் பார்த்தார்கள். நீராவி வெளியேறிய சத்தம் சுற்று வட்டாரத்தையே உலுக்கியது. ஐந்து மாதம் முன்னால்தான் புகுஷிமா உலைக் கட்டடங்கள் வெடித்ததை ஜனங்கள் டி.வி.யில் பார்த்திருந்தார்கள். டம்மி என்று யார் போய்ச் சொல்வது? செப்டம்பரில் உலை வேண்டாம் என்று பக்கத்து ஊரான இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அக்டோபரில் ஆலைக்குப் போகும் வழியை மறித்தார்கள். உள்ளே போக வேண்டிய ஊழியர்களும் ரஷ்ய நிபுணர்களும் வெளியே. உள்ளே ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் பேர். வேலை இல்லாத வேலை அழுத்தம் என்று ஒன்று அந்த மாதங்களில் அங்கே இருந்திருக்கும். அதற்கு ஸ்ரீவாஸ்தவாவின் 46-இலும் கட்டம் கிடையாது.

டெல்லி முதலில் நிபுணர் குழு அனுப்பியது. முத்துநாயகம் தலைமையில் 15 பேர். நவம்பர் ஆறாம் தேதி அப்துல் கலாம் வந்து உலையைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பானது, பயப்படத் தேவையில்லை என்றார். கையோடு சுற்று வட்டாரத்துக்கு 200 கோடியில் ஒரு வளர்ச்சித் திட்டமும் சொன்னார். இந்த இடத்தில்தான் கேள்வித்தாள்களின் நூறு வருஷ வரலாற்றில் கொஞ்சம் மரியாதைக் குறைவான ஒரு காரியம் நடந்தது. அதே நவம்பரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் நிபுணர் குழுவும் மக்கள் தரப்புப் பிரதிநிதிகளும் சந்தித்தபோது, மக்கள் தரப்பு ஐம்பது கேள்விகளை எழுதி நீட்டியது. இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், கழிவை எங்கே வைப்பீர்கள், அந்த ஆய்வறிக்கைகளைக் காட்டுங்கள் என்ற ரகம். அதாவது, கட்டத்தில் டிக் அடிக்க வேண்டிய ஆட்கள் கேள்வி கேட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பையன் எழுந்து, "சார், வீட்டுப்பாடம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

பதில்கள் வந்தன, கேட்ட அறிக்கைகள் வரவில்லை. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், போராட்டத்துக்கு அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான் காரணம் என்று ஒரு அறிவியல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். மார்ச் 19 அன்று தமிழக அமைச்சரவை உலையைத் திறக்கலாம் என்றது. கூடவே 500 கோடி ரூபாய்த் திட்டம், 144 தடை. ஏப்ரல் 30 அன்று மத்திய தகவல் ஆணையம், பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிடச் சொல்லி உத்தரவிட்டது. உலையை நடத்தும் அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மே மாதம் செய்தி வந்தது: போராட்டக்காரர்களின் மனதைப் புரிந்துகொண்டு ஆலோசனை சொல்ல பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் டாக்டர்கள் வருகிறார்கள்.

ஏப்ரலில் அறிக்கை, மேயில் பைத்தியக்கார டாக்டர். ஊர் அப்படித்தான் புரிந்துகொண்டது, கோபப்பட்டது. டாக்டர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பாவம், எங்கே அனுப்பினாலும் போக வேண்டியவர்கள், அவர்களுக்கும் மேலதிகாரி உண்டு. அங்கே என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அண்ணாச்சியும் நானும் அன்று டீக்கடையில் நடித்துப் பார்த்தோம். நான் டாக்டர், அவர் இடிந்தகரை ஆச்சி.

"அம்மா, போன ஒரு மாதத்தில் காரணமில்லாமல் பயம் வந்ததா?"

"காரணம் அந்தா தெரியுதுல்லா, ரெண்டு கும்மட்டமா."

"ராத்திரி தூக்கம் எப்படி?"

"போலீசுகாரன் தூங்க விட்டா தூங்குவம்லா."

"எதிர்காலத்தை நினைத்துக் கவலை? ஒருபோதும் இல்லையா, எப்போதாவதா, அடிக்கடியா?"

"அதத்தான் அம்பது கேள்வியா எழுதிக் குடுத்தோம். பையில வச்சிருக்கேரா பதிலு?"

டாக்டருக்கு, அதாவது எனக்கு, அடுத்த கேள்வி வரவில்லை. டீ ஆறிப்போனது.

சண்டிகர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு இடிந்தகரைக்குப் போயிருந்தால் கூட்டல் போடவே ஒரு நாள் ஆகியிருக்கும். தன்னையோ வீட்டில் ஒருவரையோ ஜெயிலில் போட்டால் 72. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோக வழக்கு. தேசத் துரோகத்துக்கு அந்த 51-இல் மார்க் கிடையாது. 1984-இல் அதை வாழ்க்கையில் சாதாரணமாக நடக்கிற சம்பவமாக யாரும் நினைத்திருக்கவில்லை. இந்த மார்க்கில் பெரும் பகுதியைப் போட்டுக் கொடுத்தது யார் என்று பார்த்தால், டாக்டரை அனுப்பியவர்கள்தான். செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகைக் குண்டும் தடியடியும் வேறு.

ஊழியர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதே 2012 ஆகஸ்டில் ஜப்பான் டாக்டர்கள் புகுஷிமாவின் இரண்டு அணுமின் நிலையங்களிலும் வேலை பார்த்த 1495 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. இதில் கேள்வித்தாளுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். மன உளைச்சலைக் கேட்க ஆறே கேள்வி. மற்றபடி என்னென்ன நடந்தது என்றும் கேட்டிருந்தார்கள். சுனாமியில் தப்பியது, வீடு போனது எல்லாம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: அந்தக் கம்பெனி ஆள் என்று ஊரார் ஏசியது, ஒதுக்கியது. ஏச்சு வாங்கியவர்களுக்கு உளைச்சல் அதிகம். ஆளின் மண்டைக்குள் மட்டும் குனிந்து பார்க்காமல், தெருவில் அவனை யார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்ட தாள். செட்டிகுளத்து அணுவிஜய் நகரில் குடியிருந்துகொண்டு கூடங்குளம் பஜாரில் மீன் வாங்கப் போகிற ஓர் ஊழியரை நினைத்துப் பாருங்கள். மீன் விற்கிற அம்மாள் நேற்றுவரை பந்தலில் இருந்தவள். நெத்திலி என்ன விலை என்று கேட்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மார்க்?

2013 ஜூலை 13 ராத்திரி முதல் உலையில் அணுப் பிளவு தொடங்கியது. அக்டோபரில் கரண்ட் வந்தது. நிம்ஹான்ஸ் பேச்சு அத்தோடு மறந்துபோனது. இடிந்தகரையின் மனதுக்கு எத்தனை மார்க் வந்தது என்று எந்தப் பலகையிலும் ஒட்டவில்லை.

ஆலை ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரிந்து, பகிரங்கமாகக் கட்டத்தில் டிக் அடித்தது. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளத்துக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்துவிட்டதாக இணையத்தில் ஒரே பேச்சு. 29-ஆம் தேதி ஆலைத் தரப்பிலிருந்து அறிக்கை: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணையத்தோடு இணைக்கப்படாதவை, சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. ஒருபோதும் இல்லை. 30-ஆம் தேதி அணுமின் கழகத்தின் மும்பைத் தலைமையகத்திலிருந்து இன்னொரு அறிக்கை: நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மைதான், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்தது, உலை அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை.

பேப்பரில் இரண்டு அறிக்கையையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆகிப் பாளையங்கோட்டையில் பேரனோடு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்து ஒருபோதும் இல்லன்னு போட்டிருக்கான், இன்னைக்கு அழிச்சிட்டு எப்போதாவதுல போட்டிருக்கான்" என்றார். "நம்ம மேனேஜர் அழிக்க விட்டாராவே?"